காட்டுக்குள் குறிபார்க்க: காம்பவுண்ட் வில்லுக்கு எந்த சைட்?

இந்த அத்தியாயத்தைச் சட்டத்திலிருந்துதான் தொடங்க வேண்டும். டார்ம்ஸ்டாட்டில் மட்டுமல்ல, ஜெர்மனி முழுவதுமே வில்லால் மான் வேட்டையாடுவதற்குத் தடை இருக்கிறது. கூட்டாட்சி வேட்டைச் சட்டத்தின் 19ஆம் பிரிவு, குளம்புள்ள காட்டு விலங்குகள் மீது அம்பு எய்வதை வெளிப்படையாகத் தடுக்கிறது. குறுக்குவில்லின் அம்புக்கும் அதே தடை. அடிபட்டுத் துடிக்கும் மானின் உயிரை விரைவில் முடிப்பதற்குக்கூட அம்பைத் தொடக் கூடாது. வேட்டைத் தேர்வு எழுதி உரிமம் வாங்கியவரையும் இந்தச் சட்டம் கட்டுப்படுத்தும். உரிமமே இல்லாதவர் எய்தால் அது திருட்டு வேட்டை. குற்றவியல் சட்டத்தின் 292ஆம் பிரிவின்படி அபராதமோ மூன்று ஆண்டு வரை சிறையோ கிடைக்கும். இரவு நேரம் போன்ற கடுமையான சூழல் என்றால் ஐந்து ஆண்டு வரை போகலாம்.

இதைச் சொல்லக் காரணம் இருக்கிறது. இங்கே வில் வாங்க எந்த உரிமமும் கேட்க மாட்டார்கள். குறுக்குவில்லுக்கு 18 வயது நிறைந்திருக்க வேண்டும். வில்லுக்கு அதுவும் இல்லை. கடையில் தொங்கும் காம்பவுண்ட் வில்லும், அதற்கென விற்கும் சைட்டும் (குறிபார்க்கும் கருவி) பெரும்பாலும் அமெரிக்க மான் வேட்டைக்காரர்களை மனதில் வைத்துச் செய்யப்பட்டவை. அட்டைப் பெட்டியிலேயே கொம்பு விரித்த மான் நிற்கும். ஊரிலிருந்து படிக்கவோ வேலைக்கோ வந்த இளைஞர் ஒருவர், கடையில் தடையில்லாமல் கிடைக்கிற பொருளைக் காட்டுக்குள்ளும் தடையில்லாமல் பயன்படுத்தலாம் என்று எண்ணிவிடுவது எளிது. அப்படி எண்ணக் கூடாது. இந்தியாவிலும் 1972ஆம் ஆண்டின் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் வந்த பிறகு மான் வேட்டை குற்றம்தான். இங்கே தடை வேறு வடிவத்தில் இருக்கிறது, அவ்வளவே.

அப்படியானால் மான் வேட்டைக்கான சைட் இங்கே யாருக்குத் தேவை? இரண்டு வகையினருக்கு. முதலாவது, 3டி வில்வித்தைக்காரர்கள். காட்டுப் பாதை நெடுக நுரைப் பொருளால் செய்த மான், பன்றி, நரி உருவங்களை நிறுத்தி வைத்து, தூரத்தைச் சொல்லாமல் எய்யச் சொல்லும் விளையாட்டு இது. டார்ம்ஸ்டாட்டுக்குத் தெற்கிலும் கிழக்கிலும் எழும் ஓடன்வால்ட் மலைக்காடு இதற்கென்றே அமைந்த நிலம். இங்குள்ள தமிழ் வாசகர்களில் பெரும்பாலோர் இந்த வகையில்தான் வருவார்கள். இரண்டாவது, வில் வேட்டையை அனுமதிக்கும் டென்மார்க், பிரான்ஸ், ஹங்கேரி போன்ற நாடுகளுக்கு முறைப்படி போக நினைப்பவர்கள். டென்மார்க்கில் வில்லுக்கெனத் தனித் தேர்வு உண்டு. பிரான்ஸில் தனிப் பயிற்சி கட்டாயம். இரு வகையினருக்கும் அடிப்படை ஒன்றுதான் என்றாலும், முடிவில் வாங்க வேண்டிய பொருள் வேறு.

டார்ம்ஸ்டாட்டில் இருப்பவர்கள் வில்லை எடுக்கும் முன் ஒரு ஞாயிற்றுக்கிழமையை கிரானிஷ்டைன் வேட்டை மாளிகைக்கு ஒதுக்குங்கள். நகரின் வடகிழக்கு ஓரத்தில் இருக்கிறது. ஹெஸ்ஸன்-டார்ம்ஸ்டாட்டின் முதல் சிற்றரசர் முதலாம் கியோர்க் 1578இல் கட்டத் தொடங்கியது. 1739 முதல் 1768 வரை ஆண்ட எட்டாம் லுட்விக்குக்கு வேட்டைதான் வாழ்க்கை. அவருடைய அரண்மனை ஓவியர் கியோர்க் ஆடாம் ஏகர் தீட்டிய மான்களும் வேட்டைக் காட்சிகளும் இன்றும் அங்கே இருக்கின்றன. 1917இல் கடைசிப் பெருங்கோமகன் எர்ன்ஸ்ட் லுட்விக் அதை அருங்காட்சியகமாக்கினார். அங்கிருந்து வெளியே வந்து சுற்றியுள்ள காட்டில் ஒரு மணி நேரம் நடந்தால், சைட் பற்றி எந்தக் கடைக்காரரும் சொல்லாத ஒன்று விளங்கும். மே மாதம் இலை தழைத்த பிறகு காட்டின் தரை பகலிலேயே மங்கிவிடுகிறது. நீங்கள் நிற்கும் இடம் இருட்டு. முப்பது மீட்டர் தள்ளி இலை இடைவெளியில் வெயில் கொட்டுகிறது. அடுத்த திருப்பத்தில் நேர்மாறு. டிசம்பரிலோ மாலை நான்கரை மணிக்குள் சூரியன் மறைந்துவிடும். திறந்த மைதானத்தில் அருமையாக இருந்த சைட் இங்கே கண்ணைக் கைவிடுவது இதனால்தான். ஒளி, தெரியாத தூரம், சரிவு ஆகிய மூன்றையும் சமாளிக்கும் சைட்டே காட்டுக்கான சைட். விலை அதற்குப் பிறகு.

தூரம் செய்யும் வேலை

முதலில் அம்பின் பாதையைப் புரிந்துகொள்ளுங்கள். நொடிக்கு 85 மீட்டர் வேகத்தில் எய்யும் ஒரு காம்பவுண்ட் வில்லை எடுத்துக்கொள்வோம். எய்பவரின் கண் அம்புக்குச் சுமார் 10 செ.மீ. மேலே இருக்கிறது. சைட்டில் 20 மீட்டருக்குச் சரிசெய்த பின்னை (குறிபார்க்கும் ஊசியை) வைத்து 10 மீட்டரில் உள்ள இலக்கை எய்தால் அம்பு 2 செ.மீ. அளவுக்கு மேலே படும். 15 மீட்டரில் ஏறத்தாழ இரண்டரை செ.மீ. மேலே. 5 மீட்டரில் அதே அளவு கீழே. அதாவது 20 மீட்டர் வரை ஒரே பின் போதும். பத்து மீட்டருக்கு ஒரு பின், பதினைந்துக்கு ஒரு பின் என்று வைப்பவர்கள் பார்வையைத் தாங்களே மறைத்துக்கொள்கிறார்கள். மெதுவான வில் என்றால் கணக்கு மாறும். உங்கள் வில்லில் எய்து பார்த்து முடிவு செய்யுங்கள்.

20 மீட்டரைத் தாண்டினால் நிலைமை வேகமாகக் கெடுகிறது. 20 மீட்டரில் நிற்கும் மானை 17 என்று தவறாகக் கணித்தால் இழப்பு மூன்று செ.மீ.க்குள் அடங்கும். 43 மீட்டரில் நிற்பதை 40 என்று கணித்தால் அம்பு 8 செ.மீ. கீழே விழும். பிழை அதே மூன்று மீட்டர்தான். உலக வில்வித்தைக் கூட்டமைப்பின் 3டி போட்டிகளில் காம்பவுண்ட் வில்லாளர்கள் சிவப்புக் கம்பத்தருகே நின்று எய்ய வேண்டும். தூரம் 10 முதல் 45 மீட்டர் வரை, அளக்கும் கருவிக்கு அனுமதி இல்லை. நடு வளையங்களுக்கு 11, 10, அடுத்து 8, உடலின் மிச்சப் பகுதிக்கு 5. எட்டு செ.மீ. கீழே இறங்கினால் பெரும்பாலும் பதினொன்று எட்டாகிவிடும். சிறிய உருவமாக இருந்தால் ஐந்து. ஆகவே தூரக் கணிப்பைத் திருத்திக்கொள்ள சைட் உதவ வேண்டும். குறைந்தது அதற்குத் தடையாக இருக்கக் கூடாது.

நிலையான பின்களா, ஒற்றைப் பின்னா?

கடையில் பார்க்கும் சைட்டுகள் அடிப்படையில் இரண்டு வகை. ஒன்று, வளையத்துக்குள் மூன்று முதல் ஏழு பின்கள் ஒன்றன்கீழ் ஒன்றாக நிற்கும் நிலையான சைட். ஒவ்வொன்றும் ஒரு தூரத்துக்கு. மற்றது, ஒரே பின் உள்ள ஸ்லைடர் சைட். பக்கத்தில் உள்ள சக்கரத்தைத் திருகினால் வளையம் முழுவதும் ஏறி இறங்கும். ஒட்டப்பட்ட அளவு நாடாவில் தூரத்தைப் பார்த்து நிறுத்த வேண்டும். இரண்டையும் கலந்து, மூன்று பின்களோடு ஏறி இறங்கும் வகையும் உண்டு.

ஒற்றைப் பின்னின் அழகு அதன் வெறுமையில் இருக்கிறது. வளையத்துக்குள் ஒரு புள்ளியும் இலக்கும் மட்டுமே. 37 மீட்டர் என்று கணித்தால் 37இல் நிறுத்தி நடுப்புள்ளியில் குறிபார்க்கலாம். இரண்டு பின்களுக்கு இடையில் ஊகிக்க வேண்டாம். நுரை மான் ஓடாது. உங்களுக்குச் சக்கரம் திருக நேரம் இருக்கிறது. அதனால் 3டி போட்டியில் கட்டுப்பாடில்லாத காம்பவுண்ட் பிரிவில் எய்பவருக்கு நான் தயங்காமல் சொல்வது ஒற்றைப் பின் ஸ்லைடர்தான். ஒரே ஒரு எச்சரிக்கை: எய்து முடித்ததும் சக்கரத்தை 20 மீட்டருக்குத் திருப்பிவிடும் பழக்கம் வேண்டும். முந்தைய இலக்கின் தூரத்திலேயே விட்டுவிட்டு அடுத்ததை எய்து அம்பைத் தொலைப்பது ஒவ்வொரு பாதையிலும் நடப்பது.

உயிருள்ள மானுக்கு இந்தப் பரிந்துரை செல்லாது. மான் இரண்டு அடி வைத்தால் தூரம் மாறிவிடும். நாணை முழுக்க இழுத்துப் பிடித்திருக்கும்போது சக்கரத்தைத் தொட முடியாது. டென்மார்க்குக்கோ ஹங்கேரிக்கோ போகிறவர் மூன்று நிலையான பின்கள் கொண்ட சைட்டை எடுத்துக்கொள்ளட்டும்: 20, 25, 30 மீட்டர். நான்காவது வேண்டாம். ஐரோப்பியக் காடுகளில் அதிகம் காணக்கிடைக்கும் ரோ மான் சிறியது. அதன் நெஞ்சுக்கூட்டில் அம்பு பட வேண்டிய பகுதி ஓர் உள்ளங்கை அகலம்தான். அதோடு நாணின் ஓசை அம்பைவிட நான்கு மடங்கு வேகத்தில் போகிறது. 30 மீட்டரில் ஓசை பத்தில் ஒரு நொடிக்கும் குறைவாக எட்டிவிடும். அம்பு போய்ச்சேர இன்னும் கால் நொடிக்கு மேல் ஆகும். அந்தக் கால் நொடியில் மான் உடலைத் தாழ்த்தித் துள்ளத் தயாராகிவிடுகிறது. எவ்வளவு விலை உயர்ந்த சைட்டும் அதைச் சரிசெய்யாது. காயத்தோடு ஓடிப்போய்ப் புதருக்குள் நாள்கணக்கில் சாகும் மானை நினைத்துப் பாருங்கள். 45 மீட்டர் பின் ஒன்று வில்லில் இருந்தால் ஒரு நாள் கை அதைத் தேடும். அந்தப் பின் இல்லாமல் இருப்பதே நல்லது.

மூன்றாவது ஒரு நிலைமை உண்டு. பன்னாட்டுக் களவில்வித்தைச் சங்கத்தின் விதிகளில் நடக்கும் போட்டிகளில் சைட்டை அனுமதிக்கும் ‘பௌஹண்டர்’ பிரிவில் சேர்ந்தால், எய்யும்போது நகர்த்த முடியாத நிலையான பின்கள்தான், அதுவும் ஐந்துக்கு மேல் கூடாது. உருப்பெருக்கும் கண்ணாடியும் கூடாது. அந்தப் பிரிவில் எய்ய ஆசைப்பட்டு முந்நூறு யூரோவுக்கு ஸ்லைடர் வாங்கி வந்தால் அது பெட்டியில்தான் தூங்கும். ஐந்து பின்களையும் 20, 27, 33, 39, 45 என்று வைத்துப் பாருங்கள். பத்துப் பத்தாக வைக்கச் சொல்பவர்கள் அதிகம்; ஆனால் 20க்குக் கீழே பின் வீண் என்று பார்த்தோம், மேலே இடைவெளி குறையக் குறைய ஊகமும் குறையும்.

பின்னின் தடிமன், ஒளி, கண்

பின்னின் நுனியில் ஒளியிழை இருக்கும். சுற்றுப்புற வெளிச்சத்தைத் தன் நீளம் முழுக்க வாங்கி நுனியில் ஒளிரும். தடிமனை அங்குலத்தில் குறிப்பார்கள்: .010, .019, .029. 40 மீட்டரில் .019 பின் இலக்கில் சுமார் 2.3 செ.மீ. பகுதியை மறைக்கும்; .029 பின் மூன்றரை செ.மீ.; .010 பின் 1.2 செ.மீ. மெல்லிய பின் துல்லியமானது என்று தோன்றும். ஆனால் ஓடன்வால்டின் பீச் மரங்களுக்கடியில் மழை நாளில் .010 பின் கண்ணுக்கே அகப்படாது. முதல் சைட்டுக்கு .019 போதும். நாற்பத்தைந்து வயதைத் தாண்டிக் கிட்டப் பொருள் மங்குகிறவர்கள் .029ஐயும் கையில் பிடித்துப் பார்க்கட்டும். சிதறல் பார்வை உள்ளவர்களுக்குப் பின் வட்டமாக இல்லாமல் நட்சத்திரமாக விரியும். அவர்களுக்குத் தேவை இன்னும் ஒளி அல்ல, குறைந்த ஒளி. இழையின் மேல் மூடியைத் திருப்பி வெளிச்சத்தைக் குறைக்கும் வசதி உள்ள சைட்டைக் கேளுங்கள். வெயிலில் பின் அளவுக்கு மீறி ஒளிர்ந்து இலக்கை விழுங்கும்போதும் அது உதவும்.

பேட்டரி விளக்கு உள்ள சைட்டுகளைப் பற்றிக் கடைக்காரர்கள் ஆர்வமாகப் பேசுவார்கள். உலகக் கூட்டமைப்பின் விதிகள் வில்லில் மின், மின்னணுச் சாதனம் எதையும் அனுமதிப்பதில்லை. தூரத்தைத் தானே அளந்து பின்னைத் தானே காட்டும் மின்னணுச் சைட்டை கார்மின் நிறுவனம் 2018இல் கொண்டுவந்தது. தொழில்நுட்பம் வியக்கத்தக்கதுதான். ஆனால் தூரத்தைக் கண்ணால் கணிப்பதுதான் 3டியின் உயிர். அதைக் கருவியிடம் கொடுத்துவிட்டால் காட்டுக்குப் போவதில் பொருளில்லை.

உருப்பெருக்கும் கண்ணாடி பதித்த ஸ்கோப் பற்றியும் ஒரு வார்த்தை. 2023 ஆகஸ்டில் பெர்லினில் நடந்த உலகப் போட்டியில் காம்பவுண்ட் பிரிவில் பதினேழு வயது அதிதி சுவாமியும் ஓஜஸ் தேவ்தலேயும் தனிநபர் தங்கம் வென்றார்கள். ஜோதி சுரேகா, பர்னீத் கௌர், அதிதி சேர்ந்த மகளிர் அணி வென்ற தங்கம்தான் உலகப் போட்டியில் இந்தியாவுக்கு முதல் தங்கம். அந்த வெற்றியைப் பார்த்து வில்லைத் தொட்டவர்கள் இங்கே நம்மவர்களிடையே இருக்கிறார்கள்; அவர்கள் வைத்திருந்ததைப் போன்ற ஸ்கோப்பே வேண்டும் என்று கேட்கிறார்கள். அந்தப் போட்டி திறந்த மைதானத்தில், தெரிந்த 50 மீட்டர் தூரத்தில் நடப்பது. காட்டில் மழைத்துளி விழுந்தால் கண்ணாடி மங்கும். குளிரில் மூச்சுக்காற்று பட்டுப் பனிபடியும். உருப்பெருக்கம் கூடக்கூட கை நடுக்கமும் பெரிதாகத் தெரியும். மைதானத்தில் எய்யப் போகிறீர்கள் என்றால் தாராளமாக வாங்குங்கள். காட்டுக்கு முதல் வருடத்தில் வேண்டாம்.

சைட்டோடு சேர்த்து, அதன் வழியே பார்ப்பதற்காக நாணில் பொருத்தும் பீப் வளையத்தையும் கவனியுங்கள். நாணை இழுத்த நிலையில் பீப்பின் வட்டமும் சைட்டின் வட்டமும் ஒன்றுக்குள் ஒன்று சரியாகப் பொருந்த வேண்டும். பீப் பெரிதாக இருந்தால் சைட் அதற்குள் மிதக்கும். சிறிதாக இருந்தால் விளிம்பு வெட்டுப்படும், இருட்டில் ஒன்றும் தெரியாது. காட்டுக்கு கால் அங்குலத் துளை ஒத்துவரும். கடையில் வில்லைக் கட்டி, இழுத்துப் பார்த்து, பிறகு பணம் கொடுங்கள்.

சரிவு

தமிழ்நாட்டு மைதானங்களில் பழகியவர்களை ஓடன்வால்ட் அசத்துவது இங்கேதான். பாதி இலக்குகள் பள்ளத்தில், மீதி மேட்டில். முப்பது பாகைச் சரிவில் 40 மீட்டர் தள்ளி நிற்கும் மானுக்கு 35 மீட்டருக்கான குறியை வைக்க வேண்டும். ஏறினாலும் இறங்கினாலும் அதே கணக்கு. பூமியின் ஈர்ப்பு கிடைத்தளத் தூரத்துக்குத்தான் வேலை செய்கிறது.

இன்னொன்று கண்ணுக்குத் தெரியாதது. சரிவில் நிற்கும்போது வில் தானாகச் சாய்கிறது. 40 மீட்டரில் மூன்று பாகை சாய்ந்தாலே அம்பு ஐந்தாறு செ.மீ. பக்கவாட்டில் போகும். அதனால் நீர்க்குமிழி மட்டம் இல்லாத சைட்டைக் காட்டுக்கு வாங்காதீர்கள். நீங்கள் சேரும் பிரிவு அதை அனுமதிக்கிறதா என்பதை மட்டும் முன்கூட்டியே கேட்டுக்கொள்ளுங்கள். குமிழி இருந்தால் மட்டும் போதாது, அது உண்மை பேச வேண்டும். நல்ல சைட்டுகளில் இரண்டாம் அச்சு, மூன்றாம் அச்சு என்று இரண்டு திருகுகள் இருக்கும். இரண்டாவது, வில் நேராக நிற்கும்போது குமிழி நடுவில் நிற்கிறதா என்பதைச் சரிசெய்வது. மூன்றாவது, வில்லை மேலோ கீழோ சாய்த்துக் குறிபார்க்கும்போதும் அது நடுவிலேயே நிற்கிறதா என்பது. சமதளத்தில் மூன்றாம் அச்சின் பிழை தெரியவே தெரியாது. சரிவில் அம்பு தொடர்ந்து ஒரே பக்கம் போகும். எய்பவர் தன் கையைக் குறைசொல்லிக்கொண்டிருப்பார். கொத்தனார் தூக்குக்குண்டு போல ஒரு நூலில் கனமான பொருளைக் கட்டி வாசலில் தொங்கவிடுங்கள். வில்லின் விளிம்பை நூலோடு ஒட்டி வைத்து, முன்னால் சாய்த்தும் பின்னால் சாய்த்தும் குமிழியைப் பாருங்கள். மூன்றாம் அச்சுத் திருகு இல்லாத சைட் சமவெளிக்கு மட்டுமே.

வாங்கும்போது

ஐம்பது யூரோவுக்கும் சைட் கிடைக்கும், நானூறைத் தாண்டியும் கிடைக்கும். மலிவான சைட்டில் முதலில் தளர்வது திருகுகள். ஒவ்வொரு எய்தலிலும் வில் அதிர்கிறது. நாற்பது அம்புக்குப் பிறகு பின் இடம் பெயர்ந்திருக்கும். கடையிலேயே வளையத்தைப் பிடித்து அசைத்துப் பாருங்கள். கையால் அசைவது காட்டில் நிலைக்காது. வீட்டுக்கு வந்ததும் ஒவ்வொரு திருகின் மேலும் மெல்லிய பெயிண்ட் கோடு போட்டுவிட்டால், தளர்ந்தது எது என்று ஒரு பார்வையில் தெரியும்.

அமெரிக்க சைட்டுகளின் ஆலன் திருகுகள் அங்குல அளவில் இருக்கும். ஜெர்மன் கடையில் வாங்கிய மெட்ரிக் ஆலன் கீ கிட்டத்தட்டப் பொருந்துவது போல உட்கார்ந்து, திருகின் தலையைத் தேய்த்துவிடும். பெட்டியோடு வரும் கீயைத் தொலைக்காதீர்கள். ஸ்லைடரோடு வரும் அச்சிட்ட நாடாக்கள் பெரும்பாலும் கஜத்தில் இருக்கும். 40 கஜம் என்பது 36.6 மீட்டர். அதை மீட்டர் என்று நம்பி ஒட்டினால் இரண்டாவது இலக்கிலேயே தெரிந்துவிடும். வெற்று நாடாவில் நீங்களே எய்து பார்த்து மீட்டரில் குறிப்பது சிறந்தது. வலக்கை, இடக்கை சைட்டுகள் வேறு என்பதையும் நினைவில் வையுங்கள்.

சரிசெய்யும்போது அம்பு போன பக்கமே சைட்டை நகர்த்த வேண்டும். அம்பு இடப்பக்கம் பட்டால் சைட்டையும் இடப்பக்கம். கீழே பட்டால் கீழே. ஒரு அம்பை வைத்துத் திருகைத் தொடாதீர்கள். மூன்று நான்கு எய்து, அவை ஓரிடத்தில் கூடிய பிறகு நகர்த்துங்கள். 10 மீட்டரில் தொடங்கி, 20ஐ முடித்து, பிறகு தொலைவுக்குப் போங்கள்.

இந்த வேலையைக் கிளப் மைதானத்தில் செய்யுங்கள். டார்ம்ஸ்டாட்டைச் சுற்றியுள்ள பொதுக் காட்டில் நுரை இலக்கை நட்டுப் பயிற்சி செய்யக் கூடாது. நடைபயணிகளும் குழந்தைகளும் வரும் பாதைகள் அவை. கிளப்பில் சேர்ந்தால் காப்பீடும் கிடைக்கும், பலருடைய சைட்டைக் கையில் வாங்கி இழுத்துப் பார்க்கவும் முடியும். எனவே கடைக்குப் போகும் முன் கிளப்புக்குப் போங்கள். எந்தப் பிரிவில் எய்யப் போகிறீர்கள் என்பதை முடிவு செய்து, அதன் விதிப் பக்கத்தைப் படித்துவிட்டுப் பணத்தை எடுங்கள்.